பாத்திர நார் பின்ன எந்த நூல்? களிப்பானையில் தேய்த்துப் பார்த்த கணக்கு

களி கிண்டி இறக்கிய பானையைத் தேய்த்திருக்கிறீர்களா? சோற்றுப் பானை மாதிரி அது லேசில் வழிக்கு வராது. ஓரத்தில் ஒட்டியது காய்ந்து ஓடாக நிற்கும். அடியில் காந்தல் பிடித்திருக்கும். தண்ணீர் ஊற்றி ஊறவைத்தால் இரண்டும் கொழகொழவென்று பசையாகி, தேய்க்கிற நாருக்குள்ளேயே புகுந்துகொள்ளும். பானை சுத்தமாகிவிடும், நார் அழுக்காகிவிடும். மறுநாள் காலையில் அந்த நாரைக் கையில் எடுத்தால் புளித்த கூழ் வாடை.

காவேரிப்பட்டணம் பக்கத்தில் எங்கள் ஊர். வாரத்தில் நாலு நாளாவது வீட்டில் களி உண்டு. கையால் பின்னிய பாத்திர நார் செய்து விற்கலாம் என்று எங்கள் மகளிர் குழு முடிவெடுத்தபோது, எந்த நூல் என்று முதலில் இந்தப் பானையைத்தான் கேட்டிருக்க வேண்டும். நாங்கள் கடைக்காரரைக் கேட்டோம்.

தமிழ்நாட்டில் மகளிர் சுய உதவிக் குழுக்கள் 1989இல் முதலில் தொடங்கியது பழைய தருமபுரி மாவட்டத்தில்தான். 2004இல் கிருஷ்ணகிரி தனி மாவட்டமாகப் பிரிவதற்கு முன்னால் எங்கள் ஊரும் அதில்தான் இருந்தது. அதனால் இந்தப் பக்கம் குழு வைத்துச் சம்பாதிக்கப் பார்த்த கை புதிதல்ல. ஊறுகாய், பினாயில், ஒயர் கூடை என்று ஊரில் எல்லாரும் செய்து ஓய்ந்த பிறகு எங்களுக்கு மிச்சம் கிடைத்தது நார். எட்டுப் பேரில் ஐந்து பேருக்குப் பின்னத் தெரியும். ஒரே ஒரு மாடலை எடுத்துக்கொண்டு அதையே எல்லாரும் பின்னுவது என்று பேச்சு.

முதலில் எடுத்தது உல்லன் நூல். உல்லன் என்று நாம் கேட்டு வாங்குகிற உருண்டையில் பெரும்பாலும் ஆட்டு மயிர் ஒரு இழைகூட இருக்காது, அது அக்ரிலிக். கிளிப்பச்சை, ரோஸ், மாம்பழ மஞ்சள் என்று கண்ணைப் பறிக்கும். விரலில் வழுக்கிக்கொண்டு ஓடும், பின்னுகிறவர்களுக்கு அவ்வளவு சுகம். ஜப்பானில் அக்ரிலிக் நூலில் பின்னிய நாரால் சோப்பே இல்லாமல் பாத்திரம் கழுவுகிற வழக்கம் உண்டு. கொரியாவில் மினுக்கும் பாலியஸ்டர் நூலில் பின்னுகிறார்கள். இதையெல்லாம் செல்போனில் பார்த்துவிட்டுத்தான் நாங்களும் இறங்கினோம். பூ வடிவம், ஸ்ட்ராபெர்ரி வடிவம், ஒன்றில் சின்னக் கண்கூட வைத்தோம். போச்சம்பள்ளி ஞாயிற்றுக்கிழமைச் சந்தையில் 40 வைத்தோம், மத்தியானத்துக்குள் தீர்ந்துவிட்டது. தலைகால் புரியவில்லை எங்களுக்கு.

மூன்று வாரம் கழித்து அதே சந்தையில் ஒரு அம்மா தேடி வந்தார். "ஏம்மா, நார் நல்லாத்தான் இருக்குது. ஆனா நாறுது. அலசி அலசிப் பாக்கறேன், உள்ள இருக்கற களி வரவே மாட்டேங்குது." பணத்தைத் திருப்பிக் கொடுத்தோம். அதே வாரம் என் வீட்டில் இன்னொன்று நடந்தது. அடுப்பிலிருந்து அப்போதுதான் இறக்கிய தோசைக்கல்லை மகன் அந்த நாரால் துடைக்கப் போய், நாரின் ஒரு பக்கம் உருகிக் கல்லோடு ஒட்டிக்கொண்டது. ரோஸ் கலர். இன்றைக்கும் கல்லின் ஓரத்தில் ஒரு பொட்டு இருக்கிறது.

அதற்குப் பிறகுதான் ஒழுங்காக உட்கார்ந்தோம். ஒரே அளவில், உள்ளங்கை அகலத்துக்குச் சதுரமாக, அக்ரிலிக், சணல், பருத்தி, கடைசியாக ஒரு வலை என்று நாலு நூலில் நாலு நார் பின்னினோம். தினமும் ஒருவர் வீட்டில் களிப்பானை, பால் காய்ச்சிய பாத்திரம், தோசைக்கல், எவர்சில்வர் டம்ளர் என்று வரிசையாகத் தேய்ப்பது. காலை எட்டு மணிக்கு அலசிக் குழாயில் தொங்கவிட்டு, எப்போது காய்கிறது என்று பார்ப்பது. ஆறு வாரம் இதுதான் வேலை.

பார்த்ததில் ஒன்று விளங்கியது. நாருக்கு மூன்று வேலை: சுரண்ட வேண்டும், சோப்பைப் பிடிக்க வேண்டும், பிடித்ததையெல்லாம் விட வேண்டும். வாங்கும்போது நாம் முதல் வேலையை மட்டும் பார்க்கிறோம். விரலால் தடவி, சொரசொரப்பாக இருக்கிறதா என்று பார்த்துப் பையில் போடுகிறோம். நாரைக் கெடுப்பது மூன்றாவது. அழுக்கையும் தண்ணீரையும் விடாத நார் எவ்வளவு நன்றாகத் தேய்த்தாலும் பத்து நாளில் குப்பைக்குத்தான். ஜெர்மனியில் ஃபுர்ட்வாங்கன் பல்கலைக்கழகத்தார் 2017இல் வீடுகளில் பயன்படுத்திய 14 ஸ்பாஞ்சுகளை எடுத்து ஆராய்ந்து, அவற்றில் பாக்டீரியா நெருக்கமாகக் குடியிருப்பதைக் காட்டினார்கள். அடிக்கடி சூடுகாட்டிச் சுத்தம் செய்வதாக வீட்டார் சொன்ன ஸ்பாஞ்சுகளிலும் அது குறைந்திருக்கவில்லை. ஈரமும் உணவுத் துகளும் ஒரே இடத்தில் இருந்தால் வேறென்ன ஆகும்?

சணலை முதலில் தள்ளிவிடுகிறேன், அதைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. கேட்பதற்கு நன்றாக இருக்கும், மண்ணோடு மட்கும், நகரத்தில் விலை போகும். பின்னினால் விரல் தோல் உரியும். நனைந்தால் கோணிப்பை வாடை. துகள் துகளாக உதிர்ந்து சிங்க் வலையில் தேங்கும். இரண்டாவது வாரம் நடுவில் கறுக்க ஆரம்பித்தது, நிறுத்திவிட்டோம். போச்சம்பள்ளிப் பக்கம் தென்னைக்குக் குறைவில்லையே, தேங்காய் நாரில் பின்னலாமே என்று ஒருவர் கேட்டார். தேங்காய் நார்க் கயிறு ஊசியில் வளையாது. அதைப் பிடியாகச் சுருட்டித் தேய்ப்பதுதான் சரி, நம் பாட்டிகள் செய்ததும் அதுதான். அதைப் போய்ப் பின்னுவது வெட்டி வேலை.

பருத்திக்கு என் மனதில் தனி இடம். அது நார் என்பதைவிடத் துணி. அடுப்பு மேடை துடைக்க, சிந்திய பாலை ஒற்றி எடுக்க அதற்கு இணை கிடையாது. கொதிக்கிற தண்ணீரில் போட்டு எடுக்கலாம். சூடான பாத்திரத்தில் பட்டாலும் உருகாது. ஆனால் ஓடாகக் காய்ந்த களியை அது சுரண்டாது, மேலே மேலே வழுக்கும். காய்வதும் தாமதம். நூல்கள் காற்றிலுள்ள ஈரத்தை இழுக்கிற அளவுக்கு ஒரு கணக்கு உண்டு: சணலுக்கு நூற்றுக்குப் பதின்மூன்றுக்கு மேல், பருத்திக்கு எட்டரை, நைலானுக்கு நாலு, பாலியஸ்டருக்கு அரைகூட இல்லை. எங்கள் குழாயில் தொங்கியவை காய்ந்த வரிசையும் அப்படியே இருந்தது. பருத்தி மாலைவரை ஈரமாகவே தொங்கியது, ஐப்பசி மழையில் மறுநாளும். போர் தண்ணீரில் அலசி அலசி அது அப்பளம் மாதிரி விறைத்தும் போனது. தண்ணீரின் உப்பு நூலுக்குள் தங்கிவிடுவதால் வருவது அது. புளித்தண்ணீரில் ஊறவைத்தால் இளகும்.

அக்ரிலிக்கைத் திட்டி ஒதுக்கவும் முடியவில்லை. பேர் வெட்டிய எவர்சில்வர் பாத்திரம் எல்லார் வீட்டிலும் இருக்கும். புள்ளி புள்ளியாகக் கொத்திய எழுத்துக்குள் கறுப்பாக அழுக்கு உட்கார்ந்திருக்கும். எங்கள் அத்தைக்குக் கல்யாணத்தில் வந்த குடத்தில் அவர் தாய்மாமன் பேர் இருக்கிறது. வேறு எந்த நாருக்கும் வராத அழுக்கு அக்ரிலிக்கில் வந்தது. மயிர் மாதிரி நுண்ணிய இழைகள் அந்தப் புள்ளிக்குள் போய்த் துழாவுகின்றன. கண்ணாடி டம்ளர், டீ கப், எண்ணெய்ப் பிசுக்கு லேசாகப் படிந்த தட்டு, இவற்றுக்கு அது அருமை. ஆனால் அழுக்கை எடுக்கிற அதே மயிர்தான் களியையும் கெட்டியாகப் பிடித்துக்கொள்கிறது. களி, கூழ் புழங்காத வீடாக இருந்தால் நான் அக்ரிலிக்கையே சொல்லியிருப்பேன்.

இந்த வரிசையில் கடைசியாக வந்ததுதான் கேன்-கேன் வலை. குழந்தைகளின் பட்டுப் பாவாடைக்கும் கவுனுக்கும் உள்ளே விறைப்பாக நிற்க வைத்துத் தைப்பார்களே, நைலானிலோ பாலியஸ்டரிலோ செய்த அந்த வலை. குளிக்கும்போது தேய்க்கிற வலைப்பந்து இருக்கிறதல்லவா, ஏறக்குறைய அதே சாதி. யோசனை எங்கள் அத்தை கொடுத்தது. அவர் எந்த நாரையும் மதிப்பதில்லை. வெங்காயம் வருகிற சிவப்பு வலைப்பையைச் சுருட்டித்தான் இத்தனை வருடமும் களிப்பானை தேய்க்கிறார். "உதறினா எல்லாம் போயிடுது, அவ்ளோதான்" என்பார். அந்த வலைப்பையே இயந்திரத்தில் பின்னியதுதான் என்று எனக்குப் பிறகுதான் தெரிந்தது. அதையே வெட்டிப் பின்னிப் பார்த்தோம். நாடா நாடாவாகப் பிரிந்து கையைக் கீறியது, வெயிலில் கிடந்த பையாக இருந்தால் பொடியாக உதிர்ந்தது. அதன் இடத்தில்தான் கேன்-கேன்.

வலையை ஐந்து சென்டிமீட்டர் அகலத்துக்கு நாடாவாக வெட்டி, அதையே நூலாக வைத்துப் பின்னுகிறோம். வெட்டிய ஓரம் பிரியாது, மடித்துத் தைக்க வேண்டியதில்லை. நாடாவோடு நாடாவை இணைக்க முடிச்சுப் போட்டால் அந்த முடிச்சு கல் மாதிரி நின்று அழுக்கைச் சேர்க்கும். ஆகவே இரண்டு நுனியிலும் சின்ன ஓட்டை வெட்டி, ஒன்றுக்குள் ஒன்று கோத்து இழுத்துவிடுகிறோம். நாடாவின் வெட்டு ஓரங்கள்தான் இதற்குப் பல். ஓடாகக் காய்ந்த களியை அது இரண்டு இழுப்பில் கிளப்பும். எவர்சில்வரில் கோடு விழாது. வலைக்குள் காற்று புகுவதால் கொஞ்சம் சோப்புக்கே நுரை பொங்கும். காலையில் தொங்கவிட்டது ஒரு மணி நேரத்தில் கைக்கு ஈரம் தெரியாமல் காய்ந்தது.

குறையும் சொல்ல வேண்டும். கையில் வெடிப்பு உள்ளவர்களுக்கு உறுத்தும். தண்ணீரை உறிஞ்சாது, மேடை துடைக்க ஆகாது. மினுக்கும் பிளாஸ்டிக் டம்ளரில் மெல்லிய கோடு போடும். சூட்டுக்கு அக்ரிலிக் போலவே பயப்படும். இதுவும் பிளாஸ்டிக்தான், தேயத் தேயத் துகள் சாக்கடைக்குத்தான் போகும். பருத்தி ஒன்றைத் தவிர மற்ற இரண்டையும் பற்றி இந்த விஷயத்தில் நான் நல்ல பேர் சொல்ல முடியாது.

இனி கடைக்காரரின் சரக்கோடு ஒரு வார்த்தை, ஏனென்றால் எங்கள் போட்டி அதோடுதான். உருண்டையாகச் சுருண்டிருக்கிற கம்பி நாரிலும் ஒரு வகை பின்னல்தான், பலருக்குத் தெரியாது. தட்டையான மெல்லிய ஸ்டீல் கம்பியை வட்டப் பின்னல் இயந்திரத்தில் குழாயாகப் பின்னி, சுருட்டி விடுகிறார்கள். காந்தலுக்கு அதை மிஞ்ச ஆளில்லை. ஆனால் கம்பி அறுந்து சோற்றில் வரும், நான்ஸ்டிக் தவா ஒரே வாரத்தில் பாழ். பச்சை நார் பின்னியது அல்ல. நைலான் இழைகளைப் பசையால் ஒட்டி, அதில் அலுமினியம் ஆக்சைடு மாதிரித் தூளைச் சேர்த்தது. 1950களில் அமெரிக்காவின் 3எம் கம்பெனி கொண்டுவந்த ஸ்காட்ச் பிரைட் அந்த வகை. வைரத்தின் கடினம் 10 என்று வைத்தால் அந்தத் தூளுக்கு 9, கண்ணாடிக்கே ஐந்தரைதான். அலுமினியக் களிப்பானையைப் பச்சை நாரால் அழுத்தித் தேய்க்கும்போது சாம்பல் நிறத்தில் தண்ணீர் வருமே, அது அழுக்கு மட்டுமல்ல, பானையும் கொஞ்சம் தேய்ந்து வருகிறது. கையால் பின்னிய எந்த நாரும் இந்த இரண்டின் சுரண்டலுக்குக் கிட்டே வராது. வரவேண்டிய தேவையும் இல்லை என்பது என் கட்சி. கருகிய பால் பாத்திரத்துக்குச் சமையல் சோடா போட்டுத் தண்ணீர் கொதிக்கவிட்டால் பாதி வேலை அதுவே செய்யும் (அலுமினியத்தில் மட்டும் சோடா வேண்டாம், கறுத்துவிடும்). போர் தண்ணீர் விடுகிற வெள்ளை உப்புக்கறைக்கு நாரே தேவையில்லை, தருமபுரிப் புளி ஒரு கோலி அளவு போதும். புளிப்பு அந்த உப்பைக் கரைத்துவிடும்.

நூலை விடப் பின்னலில்தான் எங்களுக்குள் சண்டை அதிகம். ஐந்து பேரில் மூன்று பேர் குரோஷா கை. கொக்கி ஊசியில் வேகமாக ஓடும், வட்டமாக, பூவாக, நினைத்த உருவத்தில் வரும். மற்ற இருவர் இரண்டு ஊசி நிட்டிங். நானும் குரோஷா கட்சிதான், தோற்றுப்போனேன். காரணம் இது: குரோஷாவில் ஒவ்வொரு கண்ணியும் முடிச்சு மாதிரி தடித்து இறுகி நிற்கும். அந்தத் தடிப்புக்குள் போன களி வெளியே வராது. நிட்டிங்கில் ஒரு அடுக்குதான், கண்ணிகள் வளையமாகத் தொங்குகின்றன. இரண்டு ஓரத்தையும் பிடித்துக் குழாயடியில் இழுத்தால் ஒவ்வொரு கண்ணியும் வாய் திறக்கும், களி பொலபொலவென்று கீழே விழும். விட்டால் பழையபடி சுருங்கும். குரோஷா நாரை எவ்வளவு இழுத்தாலும் அப்படி வாய் திறப்பதில்லை.

நிட்டிங்கிலும் எல்லாப் பின்னலும் ஆகாது. பனியன் துணி தெரியுமல்லவா, ஒரு பக்கம் வழவழப்பு, வெட்டினால் ஓரம் சுருண்டுகொள்ளும். அந்தப் பின்னலில் செய்தால் நார் தொட்டில் மாதிரிச் சுருளும், தேய்க்கிற முகம் வழுக்கும். போகும் வரிசை, வரும் வரிசை இரண்டையும் ஒரே வகைக் கண்ணியில் பின்னினால் இரண்டு பக்கமும் வரப்பு வரப்பாக எழும்பி நிற்கும். ஓரமும் சுருளாது. வரப்புதான் தேய்க்கிறது, வரப்புக்கு நடுவிலுள்ள பள்ளம் கிளப்பியதை வாங்கிக்கொள்கிறது. ஒன்றுவிட்டு ஒன்றாகக் கேழ்வரகு மணி போல மேடு எழும்புகிற பின்னலும் செய்து பார்த்தோம். அழகில் அதுதான் முதல். மணிக்கு இடையில் களி தங்கியது, விட்டுவிட்டோம்.

இரட்டைமுக நார்தான் என்னை ரொம்ப நாள் ஏமாற்றியது. ஒரு பக்கம் பருத்தி, மறுபக்கம் வலை, நடுவில் சேர்த்துத் தைத்தது. துடைக்கவும் ஆச்சு, தேய்க்கவும் ஆச்சு என்று குழுவில் எல்லாருக்கும் பிடித்திருந்தது. ஒரு வாரம் கழித்து ஓரத்தைப் பிரித்துப் பார்த்தேன். இரண்டு அடுக்குக்கும் நடுவில் பசையாகக் களி, அதன்மேல் சாம்பல் நிறப் பூஞ்சை. வெளியே தொட்டால் காய்ந்திருந்தது. அன்றோடு இரண்டு அடுக்கு என்ற பேச்சே எங்களிடம் இல்லை. ஸ்பாஞ்சை உள்ளே வைத்துப் பின்னலாமா என்று இப்போதும் யாராவது கேட்கிறார்கள். வேண்டாம்.

வடிவத்தில் பெரிய யோசனை இல்லை. சதுரத்தின் மூலை டிபன் பாக்ஸ் மூலைக்குள் போகும், வட்டம் போகாது. உள்ளங்கையைவிடப் பெரிதாக இருந்தால் மடித்துத்தான் பிடிப்பார்கள், மடித்தால் காயாது.

எங்கள் முடிவு வலை நாடா, இரண்டு ஊசி, வரப்புப் பின்னல், ஒரே அடுக்கு. 8 மி.மீ. ஊசியில் 12 கண்ணி ஏற்றி, சதுரமாகிற வரைக்கும் பின்னி, கடைசிக் கண்ணியை நீட்டித் தொங்கவிட ஒரு காது. முடிக்கும்போது தளர்வாக முடிக்க வேண்டும், இறுக்கினால் இழுபடாது. வலை நாடா ஊசியில் வழுக்காது, மணிக்கட்டு வலிக்கும். ஒரு உட்காரலில் நாலுக்கு மேல் யாரும் பின்ன வேண்டாம் என்று வைத்திருக்கிறோம். புது வலை மீட்டர் கணக்கில் வாங்கினால் ஒரு மீட்டருக்கு இரண்டு நார்தான் தேறும். பத்து ரூபாய்க் கம்பி நாருக்குப் பக்கத்தில் அது கட்டுப்படியாகாது. பர்கூர் துணிக்கடைகளிலும் தையல்காரர்களிடமும் கிடைக்கிற வெட்டுத் துண்டை எடை போட்டு வாங்கினால்தான் கணக்கு நிற்கிறது. கலர் நம் கையில் இல்லை என்பது அதில் ஒரு தொல்லை. ஒரு வாரம் முழுக்க ஊதாவாகவே வந்தது.

ஓசூர் அடுக்குமாடி வீடுகளுக்கு விற்கிறவர்கள் எங்களைப் பின்பற்ற வேண்டாம். அங்கே களிப்பானை குறைவு, நான்ஸ்டிக்கும் கண்ணாடியும் அதிகம். பருத்தித் துடைப்பான் ஒன்று, அக்ரிலிக் நார் ஒன்று ஜோடியாகக் கொடுத்தால் நன்றாகவே போகும், மட்குகிற நூல் என்றால் பருத்திக்குக் கூடுதல் விலையும் கேட்கலாம். மிச்சமிருந்த உல்லனை நாங்களும் அப்படித்தான் தீர்த்துக்கொண்டிருக்கிறோம், டம்ளர் தேய்க்க மட்டும் என்று வாயால் சொல்லிச் சொல்லி.

முதலில் பணத்தைத் திருப்பி வாங்கிய அம்மாவுக்கு ஒரு ஊதா நார் கொடுத்திருக்கிறோம். போன ஞாயிறு சந்தைக்கு அதைக் கையோடு கொண்டுவந்து, காது அறுந்துவிட்டது, காதுக்கு மட்டும் நாடாவை இரட்டையாகப் போடுங்கள் என்றார். இந்த வாரத்திலிருந்து இரட்டையாகப் போடுகிறோம்.